தெரிந்தவர்களின் நகரம்

சோபாவில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் புத்தகத்தை நிறுத்திப் படித்துக்கொண்டிருக்கிறார் அந்தப் போலீஸ் அதிகாரி. அழைப்பு மணி அடிக்கிறது. வாசலில் ஓர் இளம் அரசு ஊழியர். பெயர் ஃபிராங்கோ ரோஸ்ஸி. நகரின் கட்டடப் பதிவு அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறார். அவர் சொல்ல வந்தது சின்ன விஷயமல்ல: இந்த வீட்டுக்கு அலுவலகத்தில் எந்த ஆவணமும் இல்லை. பழைய கட்டடத்தின் மேல் எப்போதோ யாரோ ஒரு மாடி எழுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பிளான் அப்ரூவல் கிடையாது, வரைபடமும் கிடையாது. காசு கொடுத்து வாங்கி, பிள்ளை குட்டிகளோடு வருஷக் கணக்கில் குடியிருக்கும் வீடு, அரசாங்கக் காகிதத்தில் இல்லவே இல்லை. அபராதம் போடலாம். இடிக்கவும் சொல்லலாம்.

பேச்சின் இறுக்கத்தைத் தளர்த்த, மாடியிலிருந்து ஊரைப் பாருங்கள் என்று அழைக்கிறார் அதிகாரி. ரோஸ்ஸி தயங்குகிறார். அவருக்கு உயரம் என்றால் பயம்.

சில மாதங்கள் கழித்து அதே ரோஸ்ஸி, ஒரு கட்டடத்தின் முன்னால் கட்டியிருந்த சாரத்தின் அடியில் கிடக்கிறார். ஏறியவர் தவறி விழுந்துவிட்டார் என்று ஊர் நம்புகிறது. மொட்டை மாடிக்கு வரவே கால் கூசிய மனிதர் சாரத்தில் ஏறுவாரா? அப்படிக் கேட்பதற்கு அந்த ஒரு அதிகாரிக்குத்தான் காரணம் இருக்கிறது.

டோனா லியோன் எழுதி 2000-ல் வெளிவந்த 'ஃபிரண்ட்ஸ் இன் ஹை பிளேசஸ்' நாவல் இப்படித் தொடங்குகிறது. பிரிட்டனின் குற்றப் புனைகதை எழுத்தாளர் சங்கம் அதற்கு வெள்ளிக் குறுவாள் விருது கொடுத்தது. சாரத்தடியில் கிடந்த உடல் வாசகரைப் பிடித்து இழுக்கும். ஆனால் ரோஸ்ஸி படியிறங்கிப் போனதும் அந்த வீட்டுக்குள் நடப்பதுதான் இந்த நாவல் இடம்பெறும் தொடர் முழுவதற்கும் திறவுகோல் என்று நான் நினைக்கிறேன். கணவனும் மனைவியும் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். அந்த அலுவலகத்தில் நமக்கு யாரைத் தெரியும்? கூடப் படித்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? யாருக்கு நாம் முன்பு உதவியிருக்கிறோம்? வக்கீலைப் பார்ப்போம், விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம் என்ற எண்ணமே முதலில் எழவில்லை. அவரோ சட்டத்தைக் காப்பாற்றுவதற்காகச் சம்பளம் வாங்குகிறவர், நேர்மையானவர், லஞ்சம் தொடாதவர். அவருக்கே மனசு முதலில் போவது தெரிந்தவர்களிடம்தான்.

அந்த அதிகாரி குயிதோ புருனெட்டி, வெனிஸ் காவல் துறையின் கமிஸ்ஸாரியோ. நம்மூரில் கமிஷனர் என்றதும் நினைவுக்கு வரும் பெரிய நாற்காலி அல்ல அது. கொலை நடந்த இடத்துக்கு நேரில் போய் விசாரித்து, மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டிய பதவி. 1992-ல் அறிமுகமாகி, முப்பதுக்கும் மேற்பட்ட நாவல்களில் அவர் வெனிஸின் சந்துகளில் நடந்துகொண்டிருக்கிறார். இந்த நாவல்கள் முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் போயிருக்கின்றன. மர்மக் கதை என்ற பெட்டிக்குள் வைத்துப் பார்த்தால் இவற்றில் மர்மம் கொஞ்சம்தான். யார் கொன்றது என்பது பல நேரம் பாதியிலேயே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு என்ன செய்ய முடியும் என்பதைத்தான் லியோன் விடாமல் கேட்கிறார்.

நாடகத் திரைக்குப் பின்னால்

டோனா லியோன் வெனிஸ்காரர் அல்ல. 1942-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். ஈரான், சீனா, சவுதி அரேபியா என்று ஆசிரியர் வேலைக்காக அலைந்துவிட்டு வெனிஸில் குடியேறினார். பக்கத்து ஊரான விச்சென்ஸாவில் அமெரிக்க ராணுவத் தளம் இருக்கிறது. அங்கே மேரிலாண்ட் பல்கலைக்கழகம் நடத்திய வகுப்புகளில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். கிட்டத்தட்ட ஐம்பது வயதுவரை நாவல் எழுதும் எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ஆபரா இசை நாடகத்தின் மீது அவருக்குத் தீராத காதல். வெனிஸின் புகழ்பெற்ற லா ஃபெனீச்சே அரங்கில், ஒரு இசை நடத்துநரின் ஒப்பனை அறையில் நண்பர்கள் கூடியிருந்தபோது, இறந்துபோன இன்னொரு பெரிய நடத்துநரைப் பற்றிப் பேச்சு வந்தது. எல்லோருக்கும் அவர்மேல் கோபம். அவரைக் கதையில் கொன்றால் எப்படி இருக்கும் என்று பேச்சு திரும்பியது. அங்கே விழுந்த விதைதான் முதல் நாவல், 'டெத் அட் லா ஃபெனீச்சே'. எழுதி முடித்த பிரதி கொஞ்ச காலம் மேசை இழுப்பறையில் கிடந்தது. நண்பர் ஒருவர் தூண்ட, ஜப்பானின் சன்டோரி மர்மக் கதைப் போட்டிக்கு அனுப்பினார். 1991-ல் பரிசு கிடைத்தது. மறுவருஷம் புத்தகமாயிற்று.

அந்த நாவலின் தொடக்கத்தை நாடகம் தெரிந்தவர்தான் எழுத முடியும். மேடையில் வெர்தியின் 'லா த்ராவியாத்தா' நடக்கிறது. இடைவேளை முடிந்து மணி அடித்தாயிற்று. சபையோர் இருக்கைக்குத் திரும்பிவிட்டார்கள், வாத்தியக்காரர்களும் தயார். நடத்துநர் மட்டும் வரவில்லை. கடைசியில் அரங்க நிர்வாகி திரைக்கு முன்னால் வந்து, சபையில் டாக்டர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறார். ஒப்பனை அறையில் ஹெல்முட் வெல்லாவர் என்ற உலகப் புகழ்பெற்ற ஜெர்மானிய மேதை காபிக் கோப்பையோடு செத்துக் கிடக்கிறார். காபியில் சயனைடு. லியோன் அந்த ஆபராவைத் தேர்ந்ததிலும் பொருத்தம் இருக்கிறது: 1853 மார்ச்சில் 'லா த்ராவியாத்தா' முதன்முதலில் அரங்கேறியதே இதே லா ஃபெனீச்சேயில்தான்.

நாவல் வந்த நான்காம் வருஷம் அந்த அரங்கமே எரிந்துபோனது. 1996 ஜனவரி 29, இரவு. சுற்றியிருந்த கால்வாய்களில் தூர் வாருவதற்காகத் தண்ணீரை வடித்திருந்தார்கள். தீயணைப்புப் படகுகள் பக்கத்தில் நெருங்க முடியவில்லை. தண்ணீருக்கு நடுவில் இருக்கும் ஊரில் தண்ணீர் எட்டாமல் ஒரு கட்டடம் எரிந்தது. பராமரிப்பு வேலை தாமதமானதால் தலையில் விழவிருந்த அபராதத்துக்குப் பயந்து இரண்டு எலக்ட்ரீஷியன்கள் வைத்த தீ அது என்று நீதிமன்றம் பின்னால் தீர்ப்பளித்தது. அரங்கை மறுபடி கட்டித் திறக்க 2003 டிசம்பர் ஆயிற்று. இவ்வளவு பெரிய நாசத்துக்கு இவ்வளவு சின்னக் காரணம். லியோனின் நாவல்களில் வரும் குற்றங்களும் இந்த அளவில்தான் இருக்கின்றன. அவர் கதைகளில் பேய்த்தனமான கொலைகாரர்கள் கிடையாது. யாரோ ஒருவர் கொஞ்சம் காசு மிச்சப்படுத்தப் பார்த்தார், யாரோ ஒருவர் பேரைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார் என்றுதான் எல்லாம் தொடங்குகிறது.

நடந்தே போக வேண்டும்

வெனிஸை உலகம் முகமூடி, மூடுபனி, இருட்டுச் சந்து என்று பார்த்துப் பழகிவிட்டது. மர்மக் கதைக்கென்றே கட்டிய ஊர் என்று தோன்றும். லியோன் அந்த மயக்கத்தை அளவாகவே தொடுகிறார். வெனிஸ் ஒரு துப்பறிகிறவரின் வேலையை எப்படி மாற்றுகிறது என்பதில்தான் அவர் கவனம் முழுவதும்.

ஊருக்குள் கார் கிடையாது, மோட்டார் சைக்கிள் கிடையாது, சைக்கிள்கூட கிடையாது. ஆகவே கார் துரத்தலும் இல்லை. போலீஸ் படகு உண்டு. ஃபோவா என்ற ஓட்டுநர் அதை ஓட்டுகிறார். ஆனால் பெரும்பாலும் புருனெட்டி நடக்கிறார், அல்லது வாப்போரெத்தோ என்ற பயணிகள் படகில் மற்றவர்களோடு நின்றுகொண்டு போகிறார். சான் லொரென்ஸோ கால்வாய்க் கரையில் காவல் அலுவலகம். ரியால்தோ பாலத்தைத் தாண்டினால் சான் போலோ, அங்கே வீடு. மத்தியானம் முடிந்தவரை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார். இந்தப் போக்குவரத்தில் அவர் யாரையாவது சந்தித்தே தீர வேண்டும். பள்ளித் தோழன் ஒருவன் எதிரே வருவான். பார் முகப்பில் நின்று ஒரு காபி குடிப்பார்கள். யார் வீட்டை விற்றார்கள், யார் மகன் யாரோடு தொழிலில் சேர்ந்தான் என்று பேச்சு நீளும். அவருக்கு வேண்டிய துப்பு அந்தப் பேச்சில் எங்கோ வந்துபோகும்.

முகவரி விஷயத்தைப் பாருங்கள். வெனிஸ் ஆறு பகுதிகளாகப் பிரிந்த ஊர்: சான் மார்கோ, காஸ்தெல்லோ, கன்னரேஜோ, தோர்சோதுரோ, சான் போலோ, சாந்தா குரோச்சே. கதவு எண் தெருவுக்குத் தெரு புதிதாகத் தொடங்குவதில்லை. பகுதி முழுவதற்கும் ஒரே வரிசைதான். காஸ்தெல்லோவில் எண்கள் ஆறாயிரத்தைத் தாண்டும். பகுதியின் பெயரும் எண்ணும் மட்டும் தெரிந்தால் வெளியூர்க்காரர் எந்த வீட்டையும் கண்டுபிடிக்க முடியாது. எந்தத் தேவாலயத்துக்குப் பின்னால், எந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கம் என்று ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டே ஆக வேண்டும். கேட்டால் அவரும் நீங்கள் யார், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்பார். விசாரிக்கப் போகிற போலீஸ்காரரை ஊரும் விசாரித்துக்கொண்டே இருக்கிறது.

பேச்சிலும் இதே கதைதான். சக ஊர்க்காரரிடம் புருனெட்டி வெனிஸ் வட்டார மொழியில் பேசுகிறார். வெளியாட்களிடம் பொது இத்தாலிய மொழிக்கு மாறிவிடுகிறார். ஒரு கிழவி கதவைத் திறப்பதும் திறக்காததும் வாசலில் நின்று அவர் சொல்லும் முதல் வாக்கியத்தைப் பொறுத்தது. அவருடைய மேலதிகாரி ஜுசெப்பே பாட்டா சிசிலிக்காரர். எத்தனை வருஷம் இருந்தாலும் அந்தப் பேச்சு அவருக்கு வசப்படவில்லை. கோப்பில் இருக்கும் அத்தனையும் அவர் மேசைக்கு வந்து சேரும், ஊரில் உலவும் எதுவும் வராது.

தண்ணீரையும் லியோன் அலங்காரத்துக்கு வைக்கவில்லை. கடல் ஏற்றத்தோடு தெற்கிலிருந்து சிரோக்கோ காற்றும் காற்றழுத்தத் தாழ்வும் சேரும்போது கடல் ஊருக்குள் ஏறுகிறது. ஊர்க்காரர்கள் அதை அக்வா ஆல்தா என்கிறார்கள். 1966 நவம்பர் 4-ம் தேதி 194 சென்டிமீட்டர் ஏறியது. 2019 நவம்பர் 12-ல் 187 சென்டிமீட்டர். எண்பது சென்டிமீட்டரைத் தாண்டினாலே சான் மார்கோ சதுக்கத்தின் தாழ்ந்த பகுதிகளில் தண்ணீர் தேங்க ஆரம்பித்துவிடும். 1996-ல் வந்த 'அக்வா ஆல்தா' நாவலில் எச்சரிக்கைச் சங்கு ஊதுகிறது, பலகை மேடைகள் போடுகிறார்கள், ரப்பர் பூட்ஸ் இல்லாமல் கிளம்பியவர் வழி மாற்றி மாற்றி நடக்கிறார். ஆபத்தில் இருக்கும் ஒருவரிடம் போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைத் தண்ணீர் மட்டம் தீர்மானிக்கிறது. கதையின் படபடப்பு அந்தச் சென்டிமீட்டர்களில் இருக்கிறது.

உதவியும் கடனும்

புருனெட்டியின் மனைவி பாவ்லா ஃபாலியர், கோமகன் ஒராத்ஸியோ ஃபாலியரின் மகள். கிராண்ட் கால்வாய்க் கரையில் மாளிகை, தலைமுறை தலைமுறையாக வந்த செல்வம், ரோமாபுரிவரை செல்வாக்கு. புருனெட்டியோ ஏழைக் குடும்பம். அப்பா போருக்குப் போய் மனசு உடைந்து திரும்பியவர். மாமனார் வீட்டுப் படியேறுவது அவருக்கு எப்போதும் கூச்சம். ஆனால் வழக்கு பெரிய இடத்தைத் தொடும்போதெல்லாம் ஏறுகிறார். எந்த வங்கியில் என்ன நடக்கிறது, எந்த அமைச்சர் யாருக்குக் கடன்பட்டவர் என்று கோமகனுக்குத் தெரியும். அவர் சொல்வார். சில சமயம், இதோடு நிறுத்திக்கொள் என்றும் சொல்வார்.

அலுவலகத்தில் இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. பாட்டாவின் செயலாளராக மூன்றாவது நாவலில் வந்து சேர்ந்த சிஞ்ஞோரினா எலெத்ரா. இத்தாலியின் மத்திய வங்கியில் நல்ல வேலையில் இருந்தவர். நிறவெறி அரசு நடந்த காலத்தில் தென்னாப்பிரிக்க வங்கிக்குக் கடிதம் எழுதச் சொன்னபோது மறுத்து வெளியேறியவர். கணினியைத் தொட்டால் யாருடைய வங்கிக் கணக்கும், மருத்துவக் குறிப்பும், தொலைபேசிப் பட்டியலும் மறுநாள் புருனெட்டியின் மேசைக்கு வந்துவிடும். இதில் பெரும்பாலும் சட்ட விரோதம். புருனெட்டிக்கு அது தெரியும். எப்படிக் கிடைத்தது என்று அவர் கேட்பதில்லை.

இந்தத் தொடரின் மேன்மை இங்கேதான் இருக்கிறது என்று சொல்வேன். குற்றவாளி தப்பிப்பதும் தெரிந்தவர்களால்தான், அவனைக் கண்டுபிடிப்பதும் தெரிந்தவர்களால்தான். ஒரு தொழிலதிபர் ஒரு நீதிபதியை இரவு உணவுக்கு அழைத்துக் காரியம் முடிக்கிறார். புருனெட்டி ஒரு பழைய நண்பனைக் காபிக்கு அழைத்துத் தகவல் வாங்குகிறார். இரண்டுக்கும் நடுவே சுவர் இருக்கிறதா? இருக்கிறது என்று புருனெட்டி நம்ப விரும்புகிறார். ஆனால் அந்தச் சுவரைத் தட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அது மெலிதாக ஒலிக்கிறது. ஷெர்லாக் ஹோம்ஸ் வகைக் கதைகளில் துப்பறிகிறவர் ஊருக்கு வெளியே நின்று ஊரைப் பார்ப்பார். புருனெட்டி அந்த வலைக்குள் பிறந்து அதே வலையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர். சட்டத்தை வளைக்காமல் நியாயத்தைத் தொட முடியாத இடத்தில் அவர் நிற்பதை லியோன் மூடி மறைப்பதில்லை, மன்னிக்கச் சொல்லி நம்மிடம் கேட்பதும் இல்லை.

1999-ல் வந்த 'ஃபேட்டல் ரெமடீஸ்' இதை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. ஏழை நாடுகளுக்குப் பாலியல் சுற்றுலா ஏற்பாடு செய்யும் ஒரு டிராவல் ஏஜென்சியின் கண்ணாடியை நள்ளிரவில் கல்லால் உடைக்கிறாள் ஒரு பெண். ஓடி ஒளியாமல் போலீஸ் வரட்டும் என்று அங்கேயே நிற்கிறாள். வருகிற போலீஸுக்கு அவளைத் தெரியும். அவள் பாவ்லா, பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பிப்பவள், ஹென்றி ஜேம்ஸை உயிராய்ப் படிப்பவள், கமிஸ்ஸாரியோவின் மனைவி. சட்டம் தொடாத குற்றத்தை நான் தொட்டேன் என்கிறாள். சட்டத்தின் சம்பளக்காரன் நான் என்ன செய்வேன் என்கிறார் அவர். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்தச் சமையலறைச் சண்டையை ஒரு கொலை வழக்கின் தீவிரத்தோடு எழுதியிருக்கிறார் லியோன்.

சமையலறை என்றதும் சொல்ல வேண்டும்: இந்த வீட்டின் சாப்பாட்டுக்கென்றே வாசகர்கள் இருக்கிறார்கள். பாவ்லாவின் சமையலை வைத்துத் தனிச் சமையல் புத்தகமே வந்துவிட்டது. புருனெட்டியின் நடைபாதைகளைப் பின்பற்ற இன்னொரு புத்தகம். சாப்பாட்டு மேசையில் மகன் ராஃபியும் மகள் கியாராவும் கேட்கும் கேள்விகளுக்கு அப்பா பதில் சொல்லியாக வேண்டும். சாப்பிட்டு எழுந்ததும் அவர் பழைய ரோமானிய, கிரேக்க ஆசிரியர்களை எடுத்துக்கொள்வார். பேராசையும் பதவி வெறியும் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பும் இப்படித்தான் இருந்தன என்று தாசிதஸ் அவருக்குச் சொல்கிறார். அதில் அவருக்கு ஒரு வகை ஆறுதல் கிடைக்கிறது.

தீர்ப்பு வராத வழக்குகள்

கொலைகாரன் கையில் விலங்கு மாட்டியதும் புத்தகத்தை மூட விரும்புகிறவர்களை லியோன் பலமுறை ஏமாற்றுவார். 1993-ல் வந்த 'டெத் இன் எ ஸ்ட்ரேஞ்ச் கன்ட்ரி'யில் கால்வாயில் ஓர் அமெரிக்க ராணுவ வீரனின் உடல் மிதக்கிறது. விசாரணை விச்சென்ஸா ராணுவத் தளத்துக்கும், அங்கிருந்து நச்சுக் கழிவுகளைச் சட்ட விரோதமாகக் கொட்டும் கூட்டத்துக்கும் போகிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும் புருனெட்டியின் முன்னால் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன.

இதைக் கற்பனையின் இருட்டு என்று தள்ள முடியாது. வெனிஸுக்கு எதிர்க்கரையில் போர்த்தோ மார்கேரா தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே வினைல் குளோரைடு ஆலைகளில் வேலை பார்த்துப் புற்றுநோயால் இறந்த தொழிலாளர்களுக்காக, நிறுவன அதிகாரிகள் மேல் 1998-ல் வழக்கு விசாரணை தொடங்கியது. 157 பேரின் மரணம் விசாரணைக்கு வந்தது. 2001 நவம்பரில் எல்லோரையும் விடுதலை செய்தார்கள். 2004-ல் மேல்முறையீட்டில் ஐந்து பேருக்கு மட்டும், ஒரே ஒரு தொழிலாளியின் மரணத்துக்காக, ஒன்றரை ஆண்டுத் தண்டனை. மற்றவற்றில் சில காலாவதியாகிவிட்டன. இத்தாலியில் வழக்கு மூன்று நீதிமன்றங்களைத் தாண்ட வேண்டும். நீண்ட காலம் இருந்த விதிப்படி, குற்றம் நடந்து குறிப்பிட்ட ஆண்டுகள் ஓடிவிட்டால், விசாரணை பாதியில் இருந்தாலும் வழக்கு முடிந்ததாகக் கணக்கு. நல்ல வக்கீல் வைத்துக்கொண்டவருக்குக் காலம்தான் சாட்சி, காலம்தான் ஜாமீன்.

இந்தப் பின்னணியில் 2006-ல் வந்த 'த்ரூ எ கிளாஸ், டார்க்லி'யைப் படித்தால் தொண்டை அடைக்கும். முரானோ தீவில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை. அங்கே இரவுக் காவல்காரரான தஸ்ஸீனிக்கு ஊனத்தோடு பிறந்த ஒரு மகள். தொழிற்சாலைக் கழிவுதான் அதற்குக் காரணம் என்று அவர் நம்புகிறார், எல்லோரிடமும் சொல்கிறார், ஆதாரம் தேடுகிறார். ஊர் அவரைப் பைத்தியம் என்று ஒதுக்குகிறது. ஒரு நாள் காலை, உலையின் முன்னால் இறந்து கிடக்கிறார். அவர் விட்டுப்போன தாந்தேயின் நரக காண்டப் பிரதியில் கைப்பட எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. உலையின் சூட்டையும், உருகிய கண்ணாடியைக் குழாய் நுனியில் சுழற்றும் கைகளையும் காட்டிவிட்டு, அந்த அழகின் சாக்கடை எங்கே போய் விழுகிறது என்று கேட்கிறார் லியோன்.

கடலைத் தடுக்கக் கட்டிய மோசே திட்டத்தையும் சொல்ல வேண்டும். லிடோ, மலமோக்கோ, கியோஜ்ஜா என்ற மூன்று முகத்துவாரங்களில் 78 எஃகுக் கதவுகள். செலவு 500 கோடி யூரோவுக்கும் மேல். 2014 ஜூனில் இந்தத் திட்டத்து ஊழலில் 35 பேரைக் கைது செய்தார்கள். அதில் அப்போதைய மேயரும் ஒருவர். மூன்று வருஷம் கழித்து அவர்மேல் இருந்த வழக்கின் ஒரு பகுதியில் விடுதலை, மறுபகுதி காலாவதி. கதவுகள் 2020 அக்டோபர் 3-ம் தேதி முதல்முறையாக எழும்பிக் கடலைத் தடுத்து நிறுத்தின. அன்று ஊர் நனையவில்லை. ஊழலும் நடந்தது, ஊரும் காப்பாற்றப்பட்டது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால்தான் வெனிஸ் புரியும். லியோனின் நாவல்கள் அப்படித்தான் சொல்கின்றன.

காலியாகும் வீடுகள்

புருனெட்டிக்கு இந்த முப்பது வருஷத்தில் அவ்வளவாக வயசாகவில்லை. பிள்ளைகளும் படித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஊருக்கோ வயசாகிக்கொண்டே போகிறது. லிராவில் கணக்குப் பார்த்தவர்கள் யூரோவுக்கு மாறினார்கள். கறிக்கடையும் காய்கறிக் கடையும் போய், முகமூடியும் மலிவுக் கண்ணாடியும் விற்கும் கடைகள் வந்தன. வெனிஸின் பழைய நகரத் தீவுகளில் 1951-ல் சுமார் 1,75,000 பேர் வசித்தார்கள். 2022-ல் அது 50,000-க்குக் கீழே இறங்கியது. ரியால்தோ பக்கம் சான் பார்தொலோமியோ சதுக்கத்தில் ஒரு மருந்துக்கடை ஜன்னலில் 2008 முதல் ஒரு மின் எண் பலகை இருக்கிறது. ஊரில் மிச்சமிருக்கும் ஆட்களின் எண்ணிக்கையை அது காட்டுகிறது. 2009 நவம்பரில், எண் 60,000-க்குக் கீழே போனதும், ஊர்க்காரர்கள் படகில் சவப்பெட்டி வைத்து ஊருக்கே இறுதி ஊர்வலம் நடத்தினார்கள். பகலில் வந்து போகும் சுற்றுலாப் பயணிகளிடம் 2024 ஏப்ரல் 25 முதல் குறிப்பிட்ட நாட்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள்.

இந்த எண்கள் புருனெட்டியின் வேலையைத் தொடுகின்றன. அவருடைய துப்பறிதல் முழுவதும் தெரிந்தவர்களை நம்பியது. மேல் மாடிக் கிழவி, எதிர்வீட்டு ஜன்னல், மூலைக் கடைக்காரர் இவர்கள்தான் அவருடைய சாட்சிகள். அந்த வீடுகள் விடுதி அறைகளாகிவிட்டால், இரண்டு ராத்திரி தங்கிப் போகிறவரிடம் என்ன கேட்பது? பிந்தைய நாவல்களில் அவர் கதவைத் தட்டும்போது திறக்க ஆள் இல்லாத வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. 2017-ல் வந்த 'எர்த்லி ரிமெய்ன்ஸ்' நாவலில் அவர் நகரத்தையே விட்டுச் சில நாள் தள்ளிப் போகிறார். விசாரணையில் கொதித்துப்போன இளம் சகா ஒருவர் கை நீட்டப் போக, அதைத் தடுக்கத் தனக்கு மயக்கம் வந்ததுபோல நடிக்கிறார் புருனெட்டி. டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுக்கிறார். காய்கறி விளையும் சாந்த் எராஸ்மோ தீவில், தாவீதே கஸாத்தி என்ற முதியவரோடு துடுப்புப் போட்டுக் காயல் முழுக்கச் சுற்றுகிறார். முதியவர் வளர்க்கும் தேனீக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுகின்றன. ஒரு புயலுக்குப் பிறகு கஸாத்தியும் தண்ணீரில் பிணமாகக் கிடைக்கிறார். தொடரில் எனக்கு மிகப் பிடித்த பக்கங்கள் அந்தத் துடுப்புப் போடும் பக்கங்கள்தான். உள்ளங்கையில் கொப்புளம் எழும்பிக் காய்ப்பாவதை அவ்வளவு பக்கத்தில் நின்று காட்டுகிறார்.

லியோனும் வெனிஸை விட்டுப் போய்விட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்துவிட்டு, கூட்டம் தாங்காமல் சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமம் ஒன்றுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே குடியுரிமையும் பெற்றார். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: இந்த நாவல்கள் இத்தாலிய மொழியில் வரவில்லை. லியோனே அனுமதிக்கவில்லை. தான் குடியிருக்கும் ஊரில் பிரபலமாக வேண்டாம் என்பது அவர் காரணம். ஜெர்மனியில் 2000 முதல் 2019 வரை 26 தொலைக்காட்சிப் படங்களாக எடுத்தார்கள். வெனிஸ் தெருக்களில் ஜெர்மன் நடிகர்கள் ஜெர்மன் மொழி பேசி நடந்தார்கள். ஒரு ஊரின் மனசாட்சியைப் போல முப்பது வருஷம் நடந்த ஒருவனை அந்த ஊரின் மீன்காரரும் படகோட்டியும் தங்கள் மொழியில் படிக்க முடியாமல் இருப்பது எனக்கு உண்மையில் வருத்தம்தான். ஊர்க்காரர்கள் படித்திருந்தால் சண்டை போட்டிருப்பார்கள், திருத்தியிருப்பார்கள். அந்தச் சண்டை தொடருக்கு நல்லது செய்திருக்கும்.

குறைகளும் உண்டு. எலெத்ராவின் கணினி வர வர எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவியாகிவிட்டது. புருனெட்டி நடந்து திரிந்து தேட வேண்டியதை அது ஒரு ராத்திரியில் கொண்டுவந்து கொட்டுகிறது. ஆரம்ப நாவல்களில் தெற்கத்தி இத்தாலியர் என்றாலே பகட்டுக்காரர், சோம்பேறி என்ற வெனிஸ்காரர்களின் பழைய இளக்காரம் எழுத்திலும் ஒட்டியிருந்தது. பாட்டாவும் அவருடைய கையாள் ஸ்கார்ப்பாவும் அதற்குச் சாட்சி. நேப்பிள்ஸ்காரியான கிளாவ்தியா கிரிஃபோனி கமிஸ்ஸாரியோவாக வந்து புருனெட்டிக்குச் சமமாக நின்ற பிறகுதான் அது சரியானது. பின்னாளைய சில நாவல்களில் கதை அறுபது எழுபது பக்கம்வரை நகராது. எனக்கு அது குறையாகப் படவில்லை. அவசரக்காரர்களுக்குப் படலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: வரிசைப்படி போக வேண்டிய கட்டாயம் இல்லை. ரோஸ்ஸி மணியடிக்கும் 'ஃபிரண்ட்ஸ் இன் ஹை பிளேசஸ்' முதலில். பிறகு முதல் நாவலுக்குப் போய் லா ஃபெனீச்சேயின் இரவைப் பாருங்கள். கண்டுபிடித்த உண்மையை அறிக்கையில் எப்படி எழுதுவது என்று புருனெட்டி யோசிக்கும் கடைசி அத்தியாயத்தை இரண்டு முறை படியுங்கள். அதன் பின் முரானோ, அதன் பின் தேனீக்கள். 2003-ல் வந்த 'யூனிஃபார்ம் ஜஸ்டிஸ்' நாவலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ராணுவப் பள்ளியில் தூக்கில் தொங்கும் ஒரு மாணவன், அரசியலில் நேர்மைக்குப் பேர்போன அவன் அப்பா. கொன்றது யார் என்று அப்பா அறிவார், புருனெட்டியும் அறிவார். இன்னொரு பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்பதற்காக அப்பா வாயைத் திறக்க மாட்டார். அவரைப் பேச வைக்கப் புருனெட்டிக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை.